அண்ணையும் அமெரிக்க இயற்பண்புவாதமும்

என் அண்ணை செத்ததை நான் எழுதிய விதம் மிக நன்றாக இருந்தது என்று லின்டா சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வினோதங்களுக்குப் பழகிவிட்டேன். நாய்க்குக் குளிர்ச்சட்டை போடுவதற்கும், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் கேட்பதற்கும் பழகிவிட்டேன். ஆனால் ஒரு சாவை எழுதி ஏ பிளஸ் வாங்குவேன் என்று நினைத்ததில்லை. லின்டா எங்கள் ஆசிரியை. ஸ்காபரோவில் உள்ள ஒரு கல்லூரியில் வாரத்தில் ஒரு பின்னேரம் பெரியவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் படிப்பிக்கிறார். கனடாவில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்க இலக்கியம் என்று என் மனுசன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஓர் இடத்திலும் நீங்கள் கவலைப்படவில்லை. எவ்வளவு கட்டுப்பாடு!” என்றார் லின்டா. “அவருக்குப் பெயரே கொடுக்காமல் விட்டீர்களே, அதுதான் உச்சம். பெரிய நகரம் மனிதனை அப்படித்தான் பெயரில்லாதவனாக்கும்.”

நான் “தாங்ஸ்” என்றேன். எங்களில் தமையனைத் தங்கச்சி பெயர் சொல்வதில்லை, அதனால்தான் இங்கிலிசிலும் முழுக்க ‘my brother’ என்றே எழுதினேன் என்று விளக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. கட்டுப்பாடு என்றும் ஒன்றும் இல்லை. பிறம்ரனில் அவர் வேலைசெய்த வெயார்ஹவுசில் மாரடைப்பு வந்து விழுந்தார் என்று ஜனவரியில் போன் வந்த நேரம்தொட்டு எனக்குள் ஒன்றும் அசையவில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், செத்தவீட்டில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அழாத தங்கச்சியைச் சனம் ஒருமாதிரித்தான் பார்த்தது. லின்டா மட்டும்தான் அதற்குப் புள்ளி போட்டார்.

இந்த வகுப்புக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பாடம் இயற்பண்புவாதம்வரைதான் வந்தது. அடுத்தது நவீனத்துவம் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. நாங்கள் கொப்பிகளை விட்டுவிட்டு அரிசியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பிறகு கொழும்பு, பிறகு அண்ணை ஸ்பொன்சர் செய்து கனடா, கலியாணம், பிள்ளைகள், அஜக்சில் வீடு. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் பாட்டுக்குப் போன பிறகுதான், விட்ட இடத்திலிருந்து படிப்போம் என்று ஓர் ஆசை வந்தது.

இயற்பண்புவாதத்தை வாசிக்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் அமெரிக்காவில் ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, சனம் வேலை தேடி வந்து குவிந்தது. அதைப் பார்த்த எழுத்தாளர்கள், மனிதன் தன் விருப்பப்படி நடப்பதாக நினைப்பதெல்லாம் சும்மா என்றார்கள். இரத்தத்தில் வந்ததும், பிறந்த இடமும், பசியும், குளிரும், சந்தையும் அவனைத் தள்ளுகின்றன. எழுதுகிறவன் பரிதாபப்படாமல் ஆய்வுகூடத்தில் நின்று பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்தமாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று லின்டா சொன்னதற்குத்தான் நான் அண்ணையின் சாவை எழுதினேன். ஆலை என்ற இடத்தில் வெயார்ஹவுஸ் என்று போட்டால் அது எங்கள் சனத்தின் கதைதான். செத்தவீட்டில் எல்லோரும் தெரியாமலே இயற்பண்புவாதம்தான் பேசினார்கள். சண்டை வராட்டில் அவர் எஞ்சினியர் என்றார் ஒருவர். தேப்பனுக்கும் சீனி வருத்தம், இவருக்கும் சீனி வருத்தம் என்றார் இன்னொருவர். குளிர்தான் மனுசனைத் தின்றது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

எங்களில் ஒருவர் மோசம்போனால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். இலக்கியம் படிக்கிறவள் என்பதால் வரலாறு என் தலையில் விழுந்தது. லின்டாவுக்கு எழுதியதையே தமிழாக்கிக் கொஞ்சம் பூச்சூட்டினேன். ‘சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, போரால் படிப்பிழந்து, கடல் கடந்து, குளிரில் உழன்று, சனிக்கிழமைகளிலும் அரைநாள் வேலைசெய்து, 401 நெடுஞ்சாலையின் நெரிசலில் ஆயுளைக் கரைத்து என்று கொண்டுபோய் மாரடைப்பில் முடித்தேன். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும்: 401 என்பது இந்த நகரத்துக்குக் குறுக்கே ஓடும் பெரிய ரோட்டு. யாரும் எதற்கும் பிந்தி வரலாம். 401 இல் ட்ரபிக் என்று சொன்னால் மறுபேச்சு இல்லை.

எழுதியதை மல்வேர்னில் அண்ணை வீட்டுக் குசினி மேசையில் வைத்து வாசித்தேன். மச்சாள், அதுதான் அண்ணையின் மனுசி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் விறைத்திருந்தது ஒருமாதிரி என்றால் அவ விறைத்திருந்தது வேறுமாதிரி. சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போகவேண்டாம் என்று மறித்திருந்தால் மனுசன் இருந்திருக்கும் என்பதை மட்டும் அன்றுதொட்டுத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தா. சனிக்கிழமை என்ற இடம் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டா. இப்படி எழுதினால் அந்தக் குற்றம் அச்சிலும் ஏறிவிடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணையின் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள்தான் வாய் திறந்தாள். “மாமி, இதில அப்பா எங்க? எல்லாம் அவருக்கு நடக்குது. He doesn't do anything.”

“அதுதானே பிள்ளை வாழ்க்கை” என்றேன்.

“இல்லை மாமி. சனிக்கிழமைகளில அவர் ட்ரபிக்கில நிக்கேல்லை.”

மச்சாள் திரும்பிப் பார்த்தா. ஆரணி கொஞ்சநேரம் தாயைப் பார்த்துவிட்டு ஒரே மூச்சாகச் சொன்னாள். சனிக்கிழமைகளில் அவள் ஐஸ் அரீனாவில் சின்னப்பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் பழக்குகிறாள். அது எங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒருநாள் அரைநாள் வேலை முடிந்து அவளை ஏற்றப்போன அண்ணை, கண்ணாடிக்கு வெளியே நெடுநேரம் நின்றாராம். அடுத்த கிழமை தானும் பழகலாமா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளோடு, தலையில் ஹெல்மெட் போட்டு, பழகுகிற பிள்ளைகள் தள்ளுகிற பிளாஸ்ரிக் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனுசன் சறுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து 401 ஐத் திட்டியிருக்கிறார்.

“அம்மாவுக்குச் சொல்லாதை, சிரிப்பா எண்டவர்” என்றாள் ஆரணி. போனில் படத்தைக் காட்டினாள்.

மச்சாள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா. எனக்குப் பயமாக இருந்தது. முப்பது வருடம் கூட இருந்தவர் மறைத்துவிட்டார் என்று கோபப்படுவாவோ, சறுக்கிச் சறுக்கித்தான் நெஞ்சைக் கெடுத்தார் என்று மகளைப் பிடிப்பாவோ என்று நினைத்தேன்.

“விழுந்தவரே?” என்று கேட்டா.

“கனதரம், அம்மா.”

“அழுதவரே?”

“இல்லை. சிரிச்சவர். விழுந்தபடியே கிடந்து சிரிப்பார். சின்னனுகள் வந்து கையைப் பிடிச்சு எழுப்பும்.”

மச்சாள் சிரித்தா. செத்தவீட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்படியே அது அழுகையாகி, “நான் அனுப்பினது வேலைக்கெல்லோ எண்டு இருந்தன், நான் அனுப்பினது வேலைக்கெல்லோ எண்டு இருந்தன்” என்று மேசையில் தலையை வைத்துவிட்டா. ஆரணி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிக்கு வைத்திருந்த அடுப்பை நிற்பாட்டினேன். எனக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை.

அடுத்த வகுப்பில் லின்டா நவீனத்துவத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் விட்ட பாடம். முதலாம் உலகப்போர் முடிந்தபிறகு, இதனால் இது, இதனால் அது என்று கோர்த்த கதையில் எழுத்தாளர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். விளக்கத்தை வெட்டினார்கள், துண்டுகளைத் துண்டுகளாகவே வைத்தார்கள், நடுவில் வெற்றிடம் விட்டார்கள். வகுப்பில் ஒரு பெடியன், இது வேணுமென்று குழப்புகிற வேலை என்றான். நான் கை உயர்த்தி, அவர்களுக்கு உண்மையிலேயே காரணம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்றேன். லின்டா அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வரலாற்றைத் திருப்பி எழுதினேன். பிறப்பிடம், வதிவிடம் இரண்டையும் விட்டுவைத்தேன். அதில் கைவைத்தால் சனம் என்னைச் சும்மா விடாது. நெரிசலை வெட்டினேன். ‘சனிக்கிழமைகளில் வேலை மத்தியானம் முடியும். அதன்பின் பனித்தரையில் சறுக்கப் பழகினார். பலமுறை விழுந்தார்’ என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. குளிர் தின்றது என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டிய ஒரு மனுசன் ஏன் தேடிப்போய் ஐஸில் ஏறினார் என்று எனக்குத் தெரியாது.

சனம் சிரிக்கும், படம் வேண்டாம் என்று அண்ணையின் சிநேகிதர் ஒருவர் மச்சாளுக்குச் சொன்னார். “சிரிக்கட்டும், அவரும் சிரிச்சவர்தானே” என்று மச்சாள் முடித்துவிட்டா. முன்பக்கத்தில் வேட்டி சால்வையோடு ஒரு படம். பின் அட்டையில் ஹெல்மெட்டோடு மற்றது. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் எல்லோரும் மலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிலர் சிரிக்கத்தான் சிரித்தார்கள்.

ஊருக்குப் போன ஒருவரிடம் சுன்னாகத்தில் இருக்கும் எங்கள் மூத்த அக்காவுக்கு ஒரு மலர் கொடுத்துவிட்டோம். அவ பனியை ஒருநாளும் கண்டதில்லை. கிடைத்தவுடன் வட்ஸப்பில் எடுத்தா.

“பிள்ளை, பின்னுக்கு நிக்கிறதும் தம்பியே?”

“ஓம் அக்கா.”

“தண்ணிக்கு மேல எல்லே நிக்கிறான்!”

“உறைஞ்ச தண்ணி அக்கா. தாழாது.”

அக்கா பிறகும் கேட்டா, “இஞ்சாலை வாறானோ, அங்காலை போறானோ?”

நான் மலரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முழங்கால் மடிந்து, கை இரண்டும் விரிந்து, கண் முழுக்கத் தன் காலடியில் இருந்தது. நான் அந்தக் கையில் விரலை வைத்தேன்.

“ரெண்டுமில்லை அக்கா” என்றேன். “அண்ணை விழாமல் நிக்கப் பாக்கிறார்.”