ஐந்தாவது லேபிள்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் டிரெய்னியாக இருந்தபோது, பேக்கிங்கில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். ஒல்லியான உருவம், தூங்காத கண்கள். வீணாகும் லேபிளையெல்லாம் யூனிஃபார்மின் இடது கையில் ஒட்டிக்கொள்வார். ஒரே எண் இரண்டு பெட்டியில் போய்விட்டால், ஒட்டியவருக்கு வேலை போய்விடும்.

ஒருநாள் பிரிண்டர் நின்றுவிட்டது. அவசரத்தில் ஒரே லேபிளுக்கு நான் ஐந்து முறை பிரிண்ட் கொடுத்தேன். திடீரென்று லேபிள்கள் வந்து கொட்டின. ஒன்று உரிய பெட்டியில், மூன்று அவர் கையில். ஐந்தாவதைக் காணோம்.

“இன்னாம்மா, வண்டி நிக்குது,” என்றார் சூப்பர்வைசர்.

“அது பஃபர்ல இருக்கும் சார். கம்ப்யூட்டர் அனுப்புறத பிரிண்டர் அங்கதான் சேத்து வைக்கும். ஆஃப் பண்ணா அழிஞ்சிடும்,” என்று படித்த தெம்பில் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

அந்தப் பெண் குறுக்கே நின்றார். “அமத்திட்டா, உள்ள இருந்துச்சா, பெட்டியில போயிருச்சான்னு எப்படிச் சார் தெரியும்?”

காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. அவரே லாரியில் ஏறித் தேடி, அந்த ஐந்தாவது லேபிள் ஒட்டியிருந்த பெட்டியை இறக்கிக் கொண்டுவந்தார்.

“இவரு அஞ்சு தடவ குடுத்துட்டாரு சார். தப்பா ஒட்டுனது நான்,” என்றார், இரண்டையும் ஒரே குரலில்.

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு, லாரிக்குக் கேட்டைத் திறக்கச் சொன்னார்.

என்னை மாட்டிவிட்டதற்குக் கோபப்படக்கூட அந்தப் பெண் இடம் வைக்கவில்லை.