ஆர்டரில் இல்லாத மடிப்பு

போன வாரம் என் பள்ளித் தோழன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வைத்திருப்பவன். கையில் ஒரு ஏர்மெயில் கடிதம். முகத்தில் ஈயாடவில்லை.

எழுதியிருந்தது ஒரு வெளிநாட்டு மிஷன் ஆஸ்பத்திரி. இங்கிலீஷில் மூன்றே வரி. 'ரோல்களின் நுனி மடித்திருப்பதைக் கவனித்தோம். இது எங்கள் ஆர்டரில் இல்லை. இது சூப்பரெரோகேஷன்.'

"திட்டுறானுகளாடா?"

எனக்குத் தெரிந்தால்தானே! வாரா வாரம் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லா இங்கிலீஷும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை... அதைக் கெடுப்பானேன்?

மடித்தது பேக்கிங் செக்‌ஷன் கதீஜா. ஏன் என்று கேட்டேன்.

"நர்ஸம்மா ஒரு கையால புண்ணைப் பிடிச்சிருப்பாக. இன்னொரு கையால நுனியைத் தேடிக்கிட்டே இருந்தா, வலிக்கிற ஆளு என்ன செய்வாரு அண்ணே?"

"இந்த ஆர்டர் மட்டும் கைவிட்டுப் போகட்டும்... பொறவு நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றான் நண்பன். கதீஜாவின் கை மடித்துக்கொண்டே இருந்தது.

என் பாக்கெட் டிக்‌ஷனரியில் அந்தச் சொல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த ஃபாதர் ஒருவரிடம் தலையணை சைஸில் ஒரு டிக்‌ஷனரி உண்டு. அதில் இருந்தது!

இறையியல் சொல்லாம். கடவுள் கட்டளையிட்டதற்கும் மேலே, தானாக முன்வந்து செய்யும் நன்மை. மனிதனால் அப்படிச் செய்ய முடியுமா என்று சபைகளுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. "ஆண்டவர் கேட்டதையே நாம இன்னும் செஞ்சு முடிக்கலையே" என்று சிரித்தார் ஃபாதர்.

அப்படியானால் கடிதம் திட்டு இல்லை, பாராட்டு! அடுத்த பஸ்ஸில் ஓடிவந்து, மூச்சு வாங்க விளக்கினேன்.

"இதுக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போனீக?" என்றார் கதீஜா. "எங்கள்ல அதுக்கு நஃபில்னு பேரு. அஞ்சு வேளைத் தொழுகை கடமை. அதுக்கு மேல நாமளா விரும்பித் தொழுதா நஃபில். எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். பண்டிதர்கள் மல்லுக்கட்டிய விஷயம் ஒரு பேக்கிங் டேபிளில் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது... நான் டிக்‌ஷனரியைத் தேடிப் போயிருக்கிறேன். உண்மையாகச் சொல்கிறேன், அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றியது.

நண்பனுக்கும் சந்தோஷம். மறுநாளே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டான் - 'இனி எல்லா ரோலிலும் நுனி மடிக்க வேண்டும். கட்டாயம்.' பாராட்டுகிற லட்சணத்தைப் பாருங்கள்!

கதீஜா நின்று நிதானமாகப் படித்தார்.

"அப்ப இது கடமையாயிருச்சா? சரி... இனி வேற எதாச்சும் பாத்துச் செய்யணும்."