கெடுவுக்குள் அக்கரை

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்குக் கொழும்பில் குமாஸ்தா வேலை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால் நான் மைசூருக்கு வந்திருந்தேன். இலங்கையில் நாங்கள் தங்கியிருந்ததே தற்காலிக விசாவில்தான். பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த தேதிக்குள் நான் திரும்பிப் போய்க் கரையிறங்காவிட்டால், அப்புறம் உள்ளே விடமாட்டார்கள். அவர் அங்கே, நான் இங்கே என்று ஆகிவிடும்.

அம்மாவுக்கோ விசாவைவிடப் பஞ்சாங்கம்தான் பெரிது. நான் ரயிலேற வேண்டிய நாள் பிரயாணத்துக்கு ஆகாத நாளாம். அதனால் முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பார்த்து, என் பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்து, பரஸ்தானம் ஆயிற்று என்றாள். அதாவது, நான் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. இலங்கை சர்க்காரும் இப்படிக் கணக்குப் பார்த்தால் தேவலை என்று கேலி செய்தேன்.

கிளம்ப வேண்டிய அன்று காலையில் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தேவராஜ மொஹல்லாவிலிருந்து வந்த டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, பிரயாணம் கூடாது என்றார்.

"ரெண்டு நாள் பொறுத்துப் போயேன். பச்சைக் குழந்தைன்னு சொன்னா அங்க அதிகாரிகள் கேக்கமாட்டாளா?" என்றார் அப்பா.

"நாள் தப்பினா கதவைச் சாத்திடுவா! அப்புறம் யார் கால்ல போய் விழறது?" என்று கத்தினேன்.

அம்மாவுக்கும் என்னை அனுப்ப மனசில்லை. ஆனாலும், "பெட்டி வாசல் தாண்டியாச்சு. இனிமே அதைத் திருப்பி உள்ள கொண்டுவரப்படாது" என்று சொல்லி அழுதாள். எதிர்வீட்டம்மா பெட்டியைத் தராமல், "ஹோகபேடம்மா, போகாதே" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினாள். நான்தான் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

அப்பா தனுஷ்கோடி வரை கூட வந்தார். ரயிலில் வழியெல்லாம் குழந்தை முனகிக்கொண்டே இருந்தது. கப்பலேறிய பின் அந்த முனகலும் நின்றுவிட்டது. குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலைமன்னாரில் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதிகாரி தேதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் தோளில் கிடந்த துணிமூட்டையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அப்பால் வந்துதான் குழந்தையின் கழுத்தில் கை வைத்தேன். சுட்டது. பெற்ற குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லையே என்று சந்தோஷத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.