டேப் திருடனும் நானும்

என் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. அளவு கொடுக்க யாராவது வந்து நின்றால் போதும், எங்கள் நாய் அவள் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை உருவிக்கொண்டு ஓடிவிடும். நான் துடைப்பத்தோடு துரத்துவேன். வந்தவரும் சேர்ந்து துரத்துவார். நான் தொண்டை கிழியக் கத்தக் கத்த, அதற்கு ஒரே கொண்டாட்டம்.

"நாளைக்கே இதை யார்கிட்டயாவது கொண்டுபோய் விட்டுடறேன், பாரு!" என்று குதித்தேன்.

"முதல்ல உட்காருங்க. அதுக்கு டேப்பா வேணும்? நாம பின்னாடி ஓடணும், அவ்வளவுதான். நாள் முழுக்க நான் மிஷினையே கட்டிட்டு அழுதா, அது பாவம் வேற என்ன பண்ணும்?"

அன்றிலிருந்து வேலையைத் தொடங்கும் முன் துணிப்பந்தை வீசி அதோடு விளையாடினாள். டேப் போனாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நாய் டேப்போடு வாசல்வரை ஓடியது, திரும்பிப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை. அசடு வழியத் திரும்பி வந்து டேப்பை அவள் மடியில் போட்டது.

"சமத்து!" என்று தலையைத் தடவி ஒரு பிஸ்கட் கொடுத்தாள். இப்போதெல்லாம் கையை நீட்டினாலே டேப் வந்துவிடுகிறது.

போன வாரம் அவள் ஏதோ சொல்லிவிட்டாள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கீழே மிஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நானாகவே இறங்கி வந்தேன்.

"சமத்து!" என்று பிஸ்கட் டப்பாவை நீட்டினாள்.

நாய் என்னைப் பங்காளியைப் பார்ப்பது போலப் பார்த்தது.