தீபாவளிக் குளியலும் கழுத்துக் குழாயும்

என் கணவருக்கு டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். தலைக்குக் குளிக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தீபாவளியன்று, "நல்ல நாளும் அதுவுமா தலைக்கு ஊத்தாம இருக்கிறதா?" என்று குழாயைப் பிளாஸ்டிக் கவரால் சுற்றிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டார். குழாய் மேல் போட்டிருந்த பேண்டேஜ் கட்டு நனைந்துபோக, அதை ஃபேன் காற்றில் காயவைத்ததோடு விட்டுவிட்டோம்.

அடுத்த டயாலிசிஸில், மெஷினில் போட்டதுமே அவருக்குக் கட்டில் அதிரும்படி குளிர் நடுக்கம் கண்டது. "குழாய் வழியா ரத்தத்துல கிருமி ஏறிடுச்சும்மா, இன்னிக்கே குழாயை எடுத்தாகணும்" என்றார் டாக்டர். ஐ.சி.யூ.வில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இப்போது குழாய் தொடையில் இருக்கிறது, நடக்கவே சிரமப்படுகிறார்.

கட்டு லேசாக நனைந்தாலும் உடனே பொத்தேரியிலிருந்து தாம்பரத்திலுள்ள டயாலிசிஸ் சென்டருக்கு ஆட்டோ பிடித்து, நர்ஸிடமே மாற்றிக்கொள்கிறோம். குளியலுக்குப் பதில் ஈரத்துண்டால் துடைத்துவிடுகிறேன். பொங்கலன்றும் அப்படித்தான். "இன்னும் நல்லா பிழி, ஒரு சொட்டுகூட விழக் கூடாது" என்றார், துண்டையே பார்த்தபடி.