பெண் வீட்டு ரத்தம்

குடல் அழற்சிக்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் தொடர்புண்டா என்று மரபணுக்களில் தேடும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க மலமும் ரத்தமும்தான். ஆம்பூர் தோல் தொழிற்சாலை நாற்றத்தில் வளர்ந்தவன், எதற்கும் முகம் சுளித்ததில்லை.

போன மாதம் சித்தப்பா, மகனுக்குக் குடியாத்தத்தில் பெண் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"பொண்ணோட அப்பனுக்குக் குடல் நோயாம். உங்க லேப்லதான் ரத்தம் குடுத்திருக்காராம். கொஞ்சம் பார்த்துச் சொல்லு. நாளைக்கு நம்ம பேரனுக்கு கேன்சர் வந்தா பேஜாரு."

என் மனைவி வைத்த கேசரியை வழித்துத் தின்றபடியே இதைச் சொன்னார். முதல்முறையாக முகம் சுளித்தேன். என் அப்பா, அதாவது இவருடைய சொந்த அண்ணன், புரோஸ்டேட் புற்றுநோயில்தான் துடித்துச் செத்தார்.

"அப்போ நம்ம வீட்டு ரத்தத்தையும் பார்த்துடலாமா?" என்றேன்.

"நாம இன்னா பொண்ணா குடுக்கப் போறோம்?" என்றார்.