சைலன்சரில் ஒரு கட்டைவிரல் ரேகை

என் பைக்கின் சைலன்சரில், அடிப்பக்கமாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. கறுப்பு பெயிண்டில் பதிந்து இறுகிவிட்டது. துடைத்தால் போகாது.

வண்டி அண்ணனுடையது. பட்டாளத்துக்குத் திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தான். மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபுக்கு விடிந்ததும் போயாக வேண்டும். அந்நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. பொம்பளைப் பிள்ளைக்கு வண்டியைப் பராமரிக்க ஏலாது என்பது அப்பாவின் கட்சி. அடுத்த லீவில் அண்ணன் வரும்போது வண்டியில் ஒரு குறை இருந்தாலும் சோழபுரத்தில் விலைக்குக் கேட்டவருக்கே கொடுத்துவிடுவேன் என்றார். வண்டி போனால் என் வேலையும் போகும்.

அந்த வருஷம் அடைமழை. தினமும் காலையில் சைலன்சரைச் சுற்றி ஓர் உரச் சாக்கு கட்டியிருக்கும். அம்மாவின் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். மழை விடுவதற்குள் சைலன்சர் முழுக்கத் துரு ஏறிவிட்டது. அண்ணன் பத்து நாளில் வருவதாகப் போன் வந்தது. பதறிப்போய், ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்திருந்த வெள்ளி பெயிண்டை எடுத்துப் பூசினேன். மறுநாள் ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் அது புகைந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

அங்கே மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, எதைப் போட்டு மூடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "உரச் சாக்கா? அதுல ஒட்டியிருக்க பொட்டாஷ் ஈரத்த இழுத்து இரும்பத் தின்னுரும்மா" என்றவர், சூடு தாங்கும் ஸ்பிரே டப்பா ஒன்றைக் கொடுத்து முறையும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தொழுவத்தில் உட்கார்ந்தேன். உப்புத்தாளால் துருவையும் வெள்ளியையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, மெல்லிசாக மூன்று முறை அடித்தேன். காய்ந்த பிறகு இஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டால்தான் பெயிண்ட் இறுகும். கை கழுவிவிட்டு வந்தபோது அப்பா சைலன்சர் அருகே குத்தவைத்திருந்தார். கட்டைவிரல் கறுப்பாக இருந்தது.

"காஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அந்தச் சாக்கு நாந்தான் கட்டுனேன். மழையில நனையுதேன்னு."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அந்த ரேகைமேல் இன்னொரு கோட் அடிக்க மனசு வரவில்லை. காய்ந்ததும் அப்படியே வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

அண்ணன் வந்து சைலன்சரைத் தடவிப் பார்த்தான். நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்: "துருப்பிடிச்சது என்னால. சரிபண்ணது அவ. சாவி அவகிட்டயே இருக்கட்டும்." அப்பாடா என்றிருந்தது. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம் அப்பாவைக் கண் பரிசோதனைக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வழியில் அண்ணாச்சி கடையில் காற்று பிடித்தோம். சைலன்சருக்குப் புதுசாக ஒரு கோட் அடித்துவிடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். "அடிச்சிரச் சொல்லு, அசிங்கமாத் தெரியுது" என்றார் அப்பா. கண் சரியாகத் தெரியாதவருக்கு அது மட்டும் தெரிகிறது. சுற்றிலும் அடியுங்கள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.